கடைசல் சக்கின் தாடைகள்: இல்லப் பட்டறையில் ஆக்கலும் திருத்தலும்

கடைசல் இயந்திரத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உளியின் முனைக்கோணங்களையும், சுழற்சி வேகத்தையும், வெட்டின் ஆழத்தையும் விஸ்தாரமாக விவரித்துவிட்டு, வேலைத்துண்டைக் கவ்விக்கொண்டு சுழல்கிற சக்கைப் பற்றி ஓரிரு பக்கங்களோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆயினும், வீட்டின் பின்கட்டிலோ வண்டிக் கொட்டகையிலோ ஒரு சிறிய லேத்தை நிறுவிக்கொண்டு, நீராவி எஞ்சின் மாதிரிகளோ, கடிகார உறுப்புகளோ, பழைய இயந்திரங்களுக்கு மாற்றுப் பாகங்களோ செய்து பழகுகிற ஒருவர், சில மாதங்கள் கழிவதற்குள், தம் வேலையின் நுட்பத்துக்கு வரம்பு கட்டுவது உளியைக் காட்டிலும் சக்கின் தாடைகளே என்பதைத் தாமே கண்டுகொள்கிறார். ஒரு பக்கம் கடைந்து முடித்த துண்டைத் திருப்பிப் பிடித்தால் இரு பக்கத்து மையங்களும் ஒன்றுசேர மறுக்கின்றன. மெல்லிய வளையத்தைப் பிடித்தால் அது முக்கோணச் சாயல் கொள்கிறது. மெருகேறிய பரப்பில் தாடை பதிந்து வடு விழுகிறது. அப்போது எழுகிற கேள்விதான் இக்கட்டுரையின் விஷயம்: தாடைகளைத் தாமே திருத்திக்கொள்ள முடியுமா, புதிதாகச் செய்துகொள்ள முடியுமா, முடியுமானால் அந்தப் பிரயத்தனத்துக்கு ஏற்ற பலன் உண்டா?

விடை தேடுகிறவர் முதலில் ஒரு தத்துவத்தை மனத்தில் ஸ்திரமாகக் கொள்ள வேண்டும். எந்தப் பரப்பு, தான் ஏறியிருக்கிற ஸ்பிண்டிலின் மேலேயே சுழன்று அதே லேத்தின் உளியால் வெட்டப்படுகிறதோ, அந்தப் பரப்பு, அங்கிருந்து கழற்றப்படாதவரையிலும், அதன்மேல் விழுகிற அழுத்தம் மாறாதவரையிலும், அந்த ஸ்பிண்டிலின் அச்சுக்கு ஒத்தே சுழலும். இது நேற்றுக் கண்டுபிடித்த உண்மை அன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லண்டனில் ஹோல்ட்ஸாப்ஃபெல் குடும்பத்தார் செய்து விற்ற அலங்காரக் கடைசல் லேத்துகளை வைத்திருந்த கனவான்கள், தந்தத்தையும் கருங்காலியையும் கடைவதற்கு, கெட்டியான மரத்தில் ஒரு சக்கைச் செய்து ஸ்பிண்டிலில் திருகி, வேலைத்துண்டின் அளவுக்கு அதிலே ஒரு குழியை அங்கேயே கடைந்து, துண்டை அதற்குள் மெல்லத் தட்டி இறுக்கிக்கொள்வார்கள். ஒரு வேலைக்கு ஒரு சக்கு என்னும் அந்த முறையில் செலவு உண்டு, தாமதமும் உண்டு. ஆனால் மையம் பிசகுவதற்கு இடமே கிடையாது.

இரும்பில் செய்த, எல்லா அளவுக்கும் பொதுவான சக்கு பிறகே வந்தது. 1819 வாக்கில், மூன்று தாடைகள் மையத்தை நோக்கி ஒரே சீராக நகரும் சக்கு ஒன்றுக்காக அலெக்சாண்டர் பெல் என்பவருக்கு லண்டனில் கலை, கைத்தொழில், வாணிப வளர்ச்சிச் சங்கம் வெள்ளிப் பதக்கம் அளித்தது. அமெரிக்காவில் சைமன் ஃபேர்மன் 1840-இல் காப்புரிமை பெற்ற வடிவமும், அவருடைய மருமகன் ஆஸ்டின் குஷ்மன் அதை மேலும் திருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்த வடிவமும் இன்றைய சக்குக்கு நேர் மூதாதையர் எனலாம். ஒரு சாவியைத் திருப்பினால் மூன்று தாடைகளும் ஒருங்கே நெருங்கித் துண்டைத் தாமே மையத்தில் நிறுத்துகிற சௌகரியம் உலகத்தையே வசப்படுத்திவிட்டது. அந்தச் சௌகரியத்துக்கு விலையாக நாம் கொடுத்தது என்ன என்பதை அறியச் சக்கின் உட்புறத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தல் வேண்டும்.

சக்கின் உடலுக்குள் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. அதன் முகத்தில் ஒரு சுருள் வரம்பு, ஆர்க்கிமிடீஸின் பெயரால் வழங்கும் சுருளாக, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே தூரம் விலகிக்கொண்டே வெளிநோக்கிப் போகிறது. அதன் முதுகில் கூம்புப் பற்கள் உள்ளன. சாவி திருப்புகிற சிறு பினியன்கள் இந்தத் தட்டைச் சுழற்ற, தாடைகளின் அடிப்பக்கத்துப் பற்கள் சுருளில் அகப்பட்டு உள்ளே இழுக்கப்படுகின்றன. சுருள் ஒன்றே, தாடைகள் மூன்று. ஆகையால் மூன்று தாடைகளின் பற்களும் ஒரே இடத்தில் அமைந்திருக்க முடியாது. சுருளின் புரியிடை 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் தாடையைக் காட்டிலும் இரண்டாவதன் பற்கள் நுனியிலிருந்து 2 மில்லிமீட்டரும், மூன்றாவதன் பற்கள் 4 மில்லிமீட்டரும் பின்தள்ளி இருக்க வேண்டும். தாடைகளில் 1, 2, 3 என்று எண் பொறித்திருப்பது இதற்காகவே. எண்கள் அழிந்துபோன பழைய சக்கு கைக்கு வந்தால், மூன்று தாடைகளின் நுனிகளையும் ஒரு சமதளத்தில் முட்டவைத்துப் பக்கத்தில் பக்கமாக நிறுத்தினால் போதும். நுனிக்கு மிக அருகில் பல் தொடங்குவது எதுவோ அதுவே முதலாவது.

பற்களின் வடிவத்தில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. சுருள் வெளியே போகப்போக அதன் வளைவு தளர்கிறது, உள்ளே வரவர நெருக்கமாகிறது. அதே பல் இரண்டு இடத்திலும் சிக்கிக்கொள்ளாமல் ஓட வேண்டும். ஆகவே பல்லின் வெளிப்புறத்துக் குவிந்த முகம் அது செல்லக்கூடிய மிகச் சிறிய வட்டத்தின் வளைவையும், உட்புறத்துக் குழிந்த முகம் மிகப் பெரிய வட்டத்தின் வளைவையும் கொண்டிருக்கும்படி, நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் பிறைபோல் அமைக்கப்படுகிறது. இதனால் இரண்டு விளைவுகள் நேர்கின்றன. பல் சுருளைத் தொடுவது எப்போதும் ஒரு குறுகிய கோட்டில்தான். முழுப் பரப்பும் ஒருபோதும் பொருந்துவதில்லை. ஆகவே தேய்மானம் அந்தக் கோட்டில் குவிகிறது. அன்றியும், ஒரே துண்டாகச் செய்த தாடையைத் தலைமாற்றிச் செருக முடியாது; வளைவு எதிர்த் திசையில் நின்றுவிடும். பெரிய விட்டங்களைப் பிடிப்பதற்கென்று வேறொரு தொகுதித் தாடைகளைச் சக்கோடு சேர்த்துத் தருவதன் காரணம் இதுவே.

இவ்வளவு உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கையில், ஒவ்வொன்றின் சிறு பிழையும் கூடிக்கூடி நுனியில் வந்து சேரும். சாதாரண மூன்று தாடைச் சக்கு புதிதாக இருக்கும்போதே 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை மையம் விலகி ஓடுவதைக் குற்றமாகக் கொள்ளுவதில்லை. இதை அறியாத ஆர்வலர் டயல் கேஜின் முள் ஆடுவதைக் கண்டவுடன் தாடைகளே குற்றவாளி என்று தீர்மானித்துச் சாணைக்கல்லைத் தேடிப் போகிறார். நான் இந்த அவசரத்தை வன்மையாக ஆட்சேபிக்கிறேன். முதலில் சக்கைக் கழற்றி, சுருள்தட்டை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, சுருளின் இடுக்குகளில் படிந்திருக்கும் இரும்புச் சீவல்களை ஒரு பித்தளைக் கம்பியால் நீக்க வேண்டும். ஸ்பிண்டிலின் புரியிலும், சக்கைத் தாங்கும் பின்தட்டின் முகத்திலும் பிசிறு இருந்தால் எண்ணெய்க்கல்லால் தேய்த்தெடுக்க வேண்டும். பிறகு வெவ்வேறு விட்டமுள்ள, சாணை பிடித்து உருளையாக்கிய உருக்குக் கம்பிகளைப் பிடித்து அளக்க வேண்டும். எல்லா விட்டத்திலும் ஒரே அளவாக, ஒரே திசையில் பிறழ்ச்சி இருந்தால் பிழை பின்தட்டின் பொருத்தத்தில் இருக்கிறது. விட்டத்துக்கு விட்டம் அளவும் திசையும் மாறினால் சுருளில் இருக்கிறது. சக்கின் அருகில் குறைவாகவும் தூரத்தில் அதிகமாகவும் இருந்தால் தாடைகளின் முகம் சாய்ந்திருக்கிறது, அல்லது சக்கின் உடலே அச்சுக்குச் செங்குத்தாக உட்காரவில்லை. இவற்றுள் முதலாவதற்குத் தாடையைத் தொடவே வேண்டியதில்லை. பின்தட்டின் மேடான பொருத்துவட்டத்தை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ சிறிதாகக் கடைந்துவிட்டு, திருகுகளைப் பாதி இறுக்கி, மரச் சுத்தியால் மெல்லத் தட்டிக் கேஜின் முள் அசையாத நிலையில் முழுதும் இறுக்கினால் போதும். பிராட் பர்னெர்டு நிறுவனத்தின் கிரிப்ட்ரூ சக்கிலும், அமெரிக்கப் பக் நிறுவனத்தின் அட்ஜஸ்ட்-ட்ரூ சக்கிலும் இதே உபாயம்தான் பக்கவாட்டுத் திருகுகளோடு நிரந்தர அமைப்பாகச் செய்யப்பட்டிருக்கிறது.

உண்மையாகவே தாடையைச் சார்ந்த குற்றம் ஒன்று உண்டு. நெடுநாள் உழைத்த சக்கின் தாடைகள் வாய்ப்புறத்தில் அகன்று, உட்புறத்தில் மட்டும் கவ்வுகின்றன. நேர்த்தியான ஓர் உருளையைப் பிடித்துக்கொண்டு, தாடையின் நுனிக்கும் உருளைக்கும் இடையே சிகரெட் தாள் நுழைந்துவிடுமானால் இந்நோய் முற்றியிருக்கிறது என்று கொள்ளலாம். குட்டையான துண்டுகளை எப்போதும் நுனியிலேயே பிடித்துப் பழகியதால் உண்டான தேய்மானம் இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் தேயாத தாடையிலும் இருக்கிறது. சுருள் தாடையை உள்நோக்கித் தள்ளுவது அதன் அடிப்புறத்தில்; வேலைத்துண்டு எதிர்த்துத் தள்ளுவது அதன் நுனிப்புறத்தில். இந்த இரண்டு விசைகளும் ஒரே கோட்டில் இல்லாமையால், தாடை தன் வழித்தடத்தில் உள்ள சிறு இடைவெளி அளவுக்குத் தலை சாய்ந்து, நுனி வெளிப்பக்கம் விலகுகிறது. சும்மா இருக்கும் தாடை வேறு, அழுத்தத்தின் கீழ் நிற்கும் தாடை வேறு. தாடை சம்பந்தமான எல்லா வேலைகளின் வெற்றியும் தோல்வியும் இந்த ஒரு விஷயத்தைக் கவனிப்பதிலே அடங்கியிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கடினமாக்கிய தாடைகளைச் சக்கிலேயே வைத்துச் சாணை பிடித்தல் என்பது ஆர்வலர்களிடையே மிகப் பிரசித்தமான பரிகாரம். வேகமாகச் சுழலும் சிறு கைச்சாணை ஒன்றை டூல் போஸ்டில் கட்டி, ஸ்பிண்டிலை மெதுவாகச் சுழலவிட்டு, ஒரு தடவைக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில் உராய்த்துச் செல்வதே முறை. இதைச் செய்கையில் தாடைகள் வேலை செய்யும்போது எந்தத் திசையில் அழுத்தத்தைத் தாங்குமோ அதே திசையில் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். தாடைகளின் வெளிப்புறத்தில் ஒரு வளையத்தை மாட்டி, அதற்குள் தாடைகளை விரித்து இறுக்கிக்கொண்டு சாணை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வாறு செய்தால் சுருளின் இடைவெளி எதிர்ப்பக்கத்தில் ஒதுங்கிவிடுகிறது. நாளை ஒரு கம்பியைக் கவ்வும்போது தாடை வேறொரு நிலையில் நிற்கும். தாடைகளின் அடிப்புறத்தில் ஒரு சிறு வில்லையைக் கவ்வவைத்துச் சாணை பிடிப்பவர்கள் திசையைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள், இடத்தைத் தவறவிட்டார்கள். அடியில் அழுத்தினால் தாடை தலை சாய்வதில்லை. ஆகவே சாயாத நிலையில் நேராக்கப்பட்ட முகம், முழு நீளத் துண்டைப் பிடிக்கும்போது மறுபடி வாய் அகன்றே நிற்கும். வில்லை மறைத்த பகுதியும் உராயாமல் மேடாக நின்றுவிடும்.

சரியான உபாயம் இது. சுமார் 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் உருக்குத் தகட்டின் நடுவே சாணைக்கல் நுழையுமளவுக்கு ஒரு துளையிட்டு, அதைச் சுற்றிச் சம தூரத்தில் மூன்று துளைகளை நடுத்துளையோடு கலந்துவிடும்படி போட வேண்டும். தாடை நுனிகளின் சரிந்த பக்கவாட்டுகள் அந்தத் துளைகளின் விளிம்புகளைக் கவ்வும். கவ்வும் முகங்களோ தகட்டைத் தொடாமல் நடுவெளியில் தலைநீட்டி நிற்கும். இப்போது அழுத்தம் உள்நோக்கியதாகவும், நுனியில் விழுவதாகவும் இருக்கிறது. முகம் முழுவதும் கல்லுக்கு எட்டுகிறது. தகட்டின் துளைகள் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. இல்லாவிடில் ஒரு தாடை மட்டும் கூடுதலாகத் தாங்கிக்கொண்டு நிற்கும். சாணைத் தூள் லேத்துக்கு விஷம். படுக்கையின் வழித்தடங்களை நனைத்த துணியால் மூடிவிட்டே தொடங்க வேண்டும். முடிந்ததும் சக்கை மறுபடி பிரித்துக் கழுவாமல் ஒரு துண்டைக்கூடப் பிடிக்கலாகாது. ஒருமுறை சுருளில் தங்கிய தூள், திருத்தியதாக நாம் கருதிய சக்கை ஒவ்வொரு திருப்பத்திலும் உள்ளிருந்தே தின்றுகொண்டிருக்கும்.

இத்தனை சிரத்தையோடு செய்தாலும் கிடைக்கிற பலனுக்கு வரம்பு உண்டு. சுருள் பிசகியிருந்தால், சாணை பிடித்த அந்த ஒரு விட்டத்தின் அருகில் மட்டுமே சக்கு சுத்தமாக ஓடும். தாடையின் முகம் கூர்மையான ஆப்பு வடிவமாகையால், தேய்க்கத் தேய்க்க முகம் அகலமாகிறது. அதன் பயனாகத் தாடைகள் முன்பைவிடச் சீக்கிரமாகவே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, மெல்லிய கம்பிகளைக் கவ்வும் சக்தியை இழந்துவிடுகின்றன. மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட தாடையாக இருந்தால் அந்த மேலுறையையே கடந்து மென்மையான உள்ளிரும்புக்குப் போய்விடுகிற அபாயமும் இருக்கிறது. ஆகையால் வாய் அகன்றது கண்கூடாகத் தெரிகிற பழைய சக்குக்கு மட்டும், வேறு வழிகள் எல்லாம் பார்த்தபின், வாழ்நாளில் ஒருமுறை செய்யத்தக்க சிகிச்சையாகவே இதை நான் மதிக்கிறேன்.

மென்தாடைகளைப் பற்றிப் பேச வரும்போது எனக்கு உற்சாகம் பிறக்கிறது. பழைய மரச் சக்கின் தத்துவம், இரும்புச் சக்கின் சௌகரியத்தோடு சேர்ந்து மறுபிறவி எடுத்தது இங்கேதான். தாடை இரண்டு பகுதிகளாக அமைந்திருக்கும் சக்குகளில், சுருளோடு பொருந்தும் அடித்தாடை நிரந்தரமாக நிற்கிறது. மேல்தாடை, குறுக்குச் சாவிப் பள்ளமும் இரண்டு ஆலன் ஸ்க்ரூக்களும் கொண்டு அதன்மேல் பொருத்தப்படுகிறது. மேல்தாடையைக் கழற்றிவிட்டு, கடினமாக்காத மைல்டு ஸ்டீலிலோ அலுமினியத்திலோ செய்த கட்டையைப் பூட்டி, வேலைத்துண்டின் அளவுக்கு அங்கேயே உட்கடைந்துகொண்டால், மையம் பிறழாமலும், வடு விழாமலும், ஒன்றுபோல் நூறு துண்டுகளைப் பிடிக்கலாம். கோயம்புத்தூரின் சிறு பட்டறைகளிலும் அம்பத்தூர்ப் பேட்டையிலும் ஸாஃப்ட் ஜா போர் பண்ணுவது, அதாவது மென்தாடையை உட்கடைவது, தினப்படி வேலை. பொழுதுபோக்காக லேத்தில் நிற்பவர்கள் மட்டும் இதைப் பெரிய ஆலைகளுக்குரிய காரியம் என்று ஒதுக்கிவைப்பது வருந்தத்தக்கது. இரண்டு பகுதித் தாடையுள்ள சக்கு வைத்திருப்பவருக்கு மேல்தாடை செய்வது ரம்பமும், அரமும், துளைக்கருவியும் கையாளத் தெரிந்தாலே முடிகிற வேலை. குறுக்குப் பள்ளத்தை மட்டும் மில்லிங்கிலோ ஷேப்பரிலோ, இவை இரண்டும் இல்லாதவர் லேத்தின் குறுக்குச் சறுக்கில் பொருத்தும் செங்குத்துச் சறுக்கிலோ வெட்டிக்கொள்ளலாம். 1946-இல் வெளிவந்த மைஃபோர்டு எம்.எல்.7 போன்ற சிறிய ஆங்கில லேத்துகளை நம்பி வேலை செய்த ஒரு தலைமுறை, மில்லிங் இயந்திரத்தின் முகத்தையே பாராமல் அந்தச் செங்குத்துச் சறுக்கைக் கொண்டே இவ்வகை வேலைகளை எல்லாம் நடத்தியிருக்கிறது.

ஒற்றைத் துண்டுத் தாடைகளே உள்ள சக்கை வைத்திருப்பவர்தான் யோசிக்க வேண்டியவர். சில உற்பத்தியாளர்கள் கடினமாக்காத தாடைகளைத் தனியாக விற்கிறார்கள். கிடைத்தால் வாங்கிக்கொள்வதே உத்தமம். கிடைக்காதவிடத்து, பெரிய விட்டங்களுக்கென்று வந்து, ஆண்டுக்கு ஓரிரு முறையே வெளியே எடுக்கப்படும் இரண்டாம் தொகுதித் தாடைகளைத் தியாகம் செய்யலாம். அவற்றின் படிகளைச் சாணைச் சக்கரத்தால் அறுத்தெறிந்து, மேலே சமதளமாக்கி, துளையிட்டு டேப் போட்டுக்கொண்டால் அடித்தாடைகள் தயார். முழுதும் கடினமாக இருக்கும் தாடையில் சாதாரணத் துளைக்கருவி ஏறாது. கார்பைடு முனையுள்ளது வேண்டும். உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டுப் பதம் இறக்கலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் பற்களும் வழித்தடப் பள்ளங்களும் பொருக்குத் தட்டிக் கோணிக்கொள்ளக் கூடுமாகையால், சுருளோடு பொருந்தும் அடிப்பகுதிக்கு நெருப்புக் காட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மென்தாடையை உட்கடைவதில் சில நுணுக்கங்கள் உள்ளன. கடையும்போதும் தாடைகள் ஏதாவது ஒன்றைக் கவ்விக்கொண்டிருக்க வேண்டும் என்பது முன்பு சொன்னதே. உட்புறத்தில் ஒரு வில்லையைக் கவ்வவைத்து முன்புறத்தை மட்டும் கடைவது எளிய வழி. ஒவ்வொரு தாடையின் முகத்திலும் ஒரு துளையிட்டு, மூன்று குச்சிகள் பதித்த ஒரு வளையத்தை அத்துளைகளில் மாட்டி, அதை எதிர்த்துத் தாடைகளை இறுக்கிக்கொள்வது அதனினும் மேலான வழி. ஏனெனில் அழுத்தம் முன்புறத்திலேயே விழுகிறது, உள்ளே கவ்வுவதற்கும் வெளியே விரிப்பதற்கும் ஒரே வளையம் உதவுகிறது. கடையும் விட்டம் வேலைத்துண்டின் விட்டமாகவே இருக்க வேண்டும். சிறிதாகக் கடைந்தால் துண்டு தாடைகளின் ஓரங்களில் ஆறு இடங்களில் தொடும். பெரிதாகக் கடைந்தால் நடுவே மூன்று இடங்களில் மட்டும் தொடும். மெல்லிய வளையத்துக்கு இந்த மூன்று இடம் ஆகவே ஆகாது, ஆறு இடம் சகிக்கத்தக்கது, முழுப் பொருத்தமே சிறந்தது. மெல்லிய வளையங்களுக்கென்றே, தாடைக் கட்டைகளை வட்டத்தில் மூன்றிலொரு பங்குபோல் அகலமாக அமைத்து, ஏறக்குறைய முழுச் சுற்றையும் அணைத்துக்கொள்ளச் செய்வது உண்டு. துண்டு முட்டி நிற்கும் மூலையில் உளியின் முனையால் ஒரு சிறு பள்ளம் விட்டுவிட வேண்டும். இல்லையேல் துண்டின் ஓரத்துப் பிசிறு அந்த மூலையில் தங்கித் துண்டைச் சரிவாக நிறுத்திவிடும். கடையும்போது எவ்வளவு இறுக்கினோமோ அவ்வளவே பிறகும் இறுக்க வேண்டும், அதுவும் அதே பினியனால். எந்தப் பினியன் என்று சக்கின் உடலில் ஒரு குறி போட்டு வைப்பது பழுத்த டர்னர்களின் வழக்கம். கழற்றி மறுபடி பூட்டிய மென்தாடையை நம்பலாகாது. ஓர் இழை மட்டும் மறுபடி கடைந்துகொண்டால் அது புதிதாகிவிடும். கடினத் தாடைக்கு இல்லாத இந்த வசதியே மென்தாடையின் பெருமை.

இனி, தாடையை அடியிலிருந்து நுனிவரை புதிதாகச் செய்தல். இது இயலாத காரியம் என்று பலரும் கைவிடுவது பற்களின் வளைவை எண்ணித்தான். ஆனால் அந்த வளைவு லேத்திலேயே தானாக விளையும்படி ஒரு வழி இருக்கிறது. கட்டையைப் பற்கள் வரவேண்டிய பக்கம் வெளியே தெரியும்படி முகத்தட்டில், சக்கில் அது மிக உள்ளே தள்ளியிருக்கும்போது மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்குமோ அவ்வளவு தூரத்தில் கட்டி, வட்டப்பள்ளம் வெட்டும் உளியால் எல்லாப் பற்களின் வெளிமுகங்களையும் வெட்ட வேண்டும். பிறகு கட்டையை, சக்கில் அது மிக வெளியே இழுத்திருக்கும் நிலைக்குச் சமமான தூரத்துக்கு நகர்த்தி, உள்முகங்களை வெட்ட வேண்டும். முதல் நிலையில் மிகச் சிறிய வளைவும், இரண்டாம் நிலையில் மிகப் பெரிய வளைவும் தாமே அமைந்து, பிறை வடிவம் கணக்கின்றிக் கிடைத்துவிடுகிறது. நகர்த்தும் தூரத்தைப் புரியிடையின் முழு மடங்காக வைத்துக்கொண்டால் அளப்பதும் சுலபம். மூன்று தாடைகளுக்கும் மூன்றிலொரு புரியிடை வித்தியாசம் வேண்டுமே என்னும் கவலைக்கும் பரிகாரம் உண்டு. மூன்றிலும் பற்களை ஒரேமாதிரி வெட்டி, நுனியில் ஒரு புரியிடைக்கு மேல் மிச்சம் விட்டுவைத்தால், சக்கில் ஏற்றி அங்கேயே உட்கடையும்போது அந்த வித்தியாசம் நுனியில் தானே தோன்றிவிடும். எந்தக் கட்டை எந்தத் தடத்தில் ஏறியதோ அந்த எண்ணை அதன்மேல் பொறித்துவிட வேண்டியதுதான்.

உண்மையில் பற்களைவிட வருத்துவது பக்கவாட்டு வழித்தடங்கள். இரண்டு பக்கத்துப் பள்ளங்களும் ஒன்றுக்கொன்று இணையாகவும், சக்கின் தடத்தில் கையால் தள்ளினால் நகர்ந்தும், ஆட்டினால் ஆடாமலும் இருக்க வேண்டும். இங்கே விடும் இடைவெளி எவ்வளவோ அவ்வளவுக்குத் தாடை தலை சாயும். உட்கடைந்தபோது இருந்த சாய்வு, அழுத்தம் மாறும்போது மாறிவிடும். பொறுமையுள்ளவர் சற்று இறுக்கமாகவே வெட்டி, நீலச் சாயம் தடவிப் பார்த்து, மேடானவற்றை மட்டும் அரத்தாலும் கல்லாலும் எடுத்துப் பொருத்துவார். இரும்பு எதுவாக இருக்கலாம் என்றால், நூற்றுக்கு 0.4 பங்கு கரியுள்ள ஈ.என்.8 வகை உருக்கு போதும். தோய்ச்சல் கொடுக்கலாமா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. தோய்ச்சலில் தாடை கோணினால் அத்தனை உழைப்பும் வீணாகும். பிறகு சாணை பிடித்தே தீர வேண்டும். இல்லப் பட்டறையில் சக்கு காணும் உழைப்பு ஆலைச் சக்கு காணும் உழைப்பில் ஒரு சிறு பகுதியே ஆகையால், தோய்ச்சல் கொடுக்காமல் விட்டு, தேய்ந்தால் மறுபடி உட்கடைந்துகொள்வதையே நான் தேர்வேன். ஆயினும் கடையில் தாடைகள் கிடைக்கிற சக்குக்கு இவ்வளவு பாடுபடுவது நியாயமன்று. தயாரித்தவர்களே மறைந்துபோய், உடலும் சுருளும் குற்றமின்றி இருந்து, தாடைகள் மட்டும் தொலைந்துபோன நல்ல பழைய சக்கு ஒன்றை மீட்பதற்கே இந்த வேலை தகும். அப்படி மீட்டவர் அடையும் திருப்தி சாமானியமானதன்று.

நான்கு தாடைத் தனித்தனிச் சக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஒவ்வொரு தாடைக்கும் தனித் திருகு. தாடையின் அடியில் பாதி மரைபோல் நேரான புரி. ஆகவே தாடையைத் தலைமாற்றிச் செருகலாம், மையத்தை டயல் கேஜ் கொண்டு வேண்டிய நுட்பத்துக்குக் கொண்டுவரலாம். ஒற்றைத் துண்டு வேலைக்கு மூன்று தாடைச் சக்கின் குறைகளை நொந்துகொள்வதைவிட நான்கு தாடைச் சக்கைக் கையாளப் பழகிக்கொள்வது எவ்வளவோ மேல்.

தாமே செய்த தாடையைச் சுழற்றுகிறவர் உயிர்ப் பாதுகாப்பை மறக்கலாகாது. சுழற்சி வேகம் இரட்டித்தால் தாடையை வெளியே இழுக்கும் மையவிலகு விசை நான்கு மடங்காகிறது. அவ்வளவும் துண்டைக் கவ்வும் விசையிலிருந்தே கழிகிறது. ஆகவே மேல்தாடைக் கட்டைகள் வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் உயரமோ கனமோ கொள்ளலாகாது. இக்காரணத்தாலும் அலுமினியம் விரும்பத்தக்கது. மூன்றும் ஒரே எடையாக இருக்க வேண்டும். சுருளில் இரண்டு பற்களாவது முழுதும் பதிந்திராத நிலையில், அல்லது தாடைகள் சக்கின் சுற்றளவுக்கு வெளியே நீண்டிருக்கும் நிலையில், விசையைப் போடவே கூடாது. மேல்தாடையைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள் உயர்தர உருக்காகவும், தம் விட்டத்தின் அளவுக்குக் குறையாத ஆழம் புரியில் இறங்கியனவாகவும் இருக்க வேண்டும்.

தாடையைத் தொடாமலே மென்தாடையின் பலனைத் தருகிற பிளவுபட்ட வளையம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். அலுமினியத்திலோ பித்தளையிலோ ஒரு துண்டைச் சக்கில் பிடித்து, வேலைத்துண்டின் அளவுக்கு உட்கடைந்து, கழற்றி, ஒரு பக்கத்தில் ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து, பிசிறு நீக்கி, மறுபடி அதே இடத்தில் வைத்தால், அதற்குள் நுழைத்த துண்டை அது சுற்றிலும் அணைத்துப் பிடிக்கும். கழற்றும் முன்பே முதல் தாடைக்கு நேராக வளையத்தின் முகத்தில் ஒரு புள்ளி குத்திக்கொள்ள வேண்டும். மறுபடி வைக்கும்போது புள்ளி அதே தாடைக்கு நேரே வந்தால், கழற்றி மாட்டியதனால் வரும் பிழை மிகச் சொற்பமே. ஒரு வளையம் செய்ய அரைமணி நேரம் போதும். இதில் பழகிய பிறகு மேல்தாடை செய்யத் தொடங்குவதும், மேல்தாடையில் கைதேர்ந்த பிறகு முழுத் தாடையை எண்ணிப் பார்ப்பதும், சாணைக்கல்லைக் கடைசிவரை பெட்டியிலேயே வைத்திருப்பதும், புதிதாக லேத்தின் முன் நிற்கிற ஒருவருக்கு நான் கூறக்கூடிய வரிசை.